பழைய லப்டொப்புக்கு எந்த ஓஎஸ்? கோளாறைப் பார்த்து முடிவெடுக்கும் வழி

விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. திருகோணமலையில் வீட்டுக்கு வீடு இருக்கும் இரண்டாம் கை லப்டொப்புகளில் பெரும்பாலானவை விண்டோஸ் 11க்குத் தகுதியில்லாதவை. அதனால் எல்லாரும் கேட்பது, "இதுக்கு இனி என்ன போடலாம்?" என்றுதான். அதற்கு முன்னால் கேட்கவேண்டியது, "இதுக்கு என்ன வருத்தம்?" என்று. சாகக் கிடக்கும் ஹார்ட் டிஸ்க், போதாத ரேம், தூசி அடைத்த விசிறி, இந்த மூன்றில் ஒன்று இருந்தால் எந்த ஓஎஸ் (விண்டோஸ், லினக்ஸ் போன்ற இயங்குதளம்) மாற்றினாலும் ஒரு கிழமையில் பழைய கதைதான்.

முதலில் மெஷினின் விபரங்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் திறக்குமென்றால் செட்டிங்ஸ், சிஸ்டம், அபௌட் என்று போனால் புரொசெசர் பெயர், ரேம், 32 பிட்டா 64 பிட்டா என்பது மூன்றும் ஒரே பக்கத்தில் கிடைக்கும். இன்டெல் என்றால் கோட்டுக்குப் பின் வரும் இலக்கம் தலைமுறையைச் சொல்லும். ஐ5-3320எம் மூன்றாம் தலைமுறை, ஐ5-8250யூ எட்டாம் தலைமுறை, ஐ5-10210யூ பத்தாம் தலைமுறை. மூன்று இலக்கம் மட்டும் இருந்தால் (ஐ5-520எம் போல) முதலாம் தலைமுறை. 32 பிட் என்று காட்டினால் அது போட்டிருக்கும் விண்டோஸின் நிலையாகவும் இருக்கலாம். அதே வரியில் புரொசெசர் எக்ஸ்64 என்று இருந்தால் மெஷின் 64 பிட்தான்.

"விண்டோஸ் 11 போட ஏலாது என்கிறது"

விண்டோஸ் 11 கேட்பது டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சிப்), செக்கியூர் பூட் (நம்பகமான ஓஎஸ்ஸை மட்டும் துவங்கவிடும் காவல்), 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம், இவற்றோடு மைக்ரோசொஃப்டின் பட்டியலில் உள்ள ஒரு புரொசெசர். இன்டெலில் பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான் அந்தப் பட்டியல் தொடங்குகிறது.

எட்டாம் தலைமுறை லப்டொப்பிலும் இதே செய்தி வந்தால், பயாஸில் (மெஷின் துவங்கும்போது விசை அழுத்தித் திறக்கும் அமைப்புப் பக்கம்) டிபிஎம் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். இன்டெல் மெஷின்களில் அது பிடிடி என்ற பெயரில் இருக்கும். அதை இயக்கிவிட்டால் பெரும்பாலும் வேலை முடிந்தது.

ஏழாம் தலைமுறையும் அதற்குக் கீழும் என்றால், பென்டிரைவில் ஓஎஸ் எழுதும் ரூஃபஸ் மென்பொருளில் இந்தத் தடைகளைத் தாண்டும் தெரிவு இருக்கிறது. கடைகளில் போட்டுக் கொடுப்பது பெரும்பாலும் அந்த வழியில்தான். ஓடும். ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை வரும் பெரிய பதிப்பு தானாக வராது, ஒவ்வொரு முறையும் பென்டிரைவிலிருந்து ஏற்றவேண்டும். கோர் 2 டூவோ வைத்திருப்பவர்களுக்கு அந்த வழியும் கிடையாது. 24எச்2 பதிப்பிலிருந்து பொப்கவுன்ட் என்ற கட்டளை இல்லாத புரொசெசரில் விண்டோஸ் 11 துவங்கவே துவங்காது.

உடனே மாற விருப்பமில்லாதவர்களுக்கு ஒரு தவணை இருக்கிறது. விண்டோஸ் 10, 22எச்2 பதிப்பில் இருந்தால் வீட்டுப் பாவனையாளர்கள் 2026 ஒக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் பெறலாம். மைக்ரோசொஃப்ட் கணக்கால் உள்நுழைந்து, அப்டேட் பக்கத்தில் வரும் பதிவு இணைப்பை அழுத்தவேண்டும்.

"லைட்" என்று பெயர் போட்டு உலாவும் வெட்டிக் குறைத்த விண்டோஸைத் தொடாதீர்கள். அப்டேட்டும் டிஃபென்டரும் நீக்கப்பட்டுத்தான் அது இலேசாகியிருக்கும். கூடவே வரும் அக்டிவேட்டரை (காசு கட்டாத விண்டோஸை அசலாகக் காட்டும் செயலி) ஓடவிட அன்டிவைரஸை நிறுத்தச் சொல்வார்கள். வங்கிக் கணக்கு பார்க்கும் மெஷினில் செய்கிற வேலையா அது?

"ஓன் பண்ணிவிட்டு தேத்தண்ணி குடித்து வரலாம்"

டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபோமன்ஸ் பகுதியைப் பாருங்கள். ஒன்றுமே செய்யாதபோதும் டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றால், புரொசெசரிலோ விண்டோஸிலோ பிழை தேடவேண்டாம். பெரும்பாலும் சுழலும் ஹார்ட் டிஸ்க்தான் காரணம். லினக்ஸ் மின்ட் (இலவச ஓஎஸ் ஒன்று) போட்ட பென்டிரைவிலிருந்து லைவாக, அதாவது டிஸ்க்கில் ஏற்றாமலே, துவக்கிப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். முதலில் திறக்கச் சுணங்கும், அது பென்டிரைவின் வேகம். திறந்த பின் மெனு, கோப்பு, பிரவுசர் எல்லாம் சளைக்காமல் ஓடினால் மெஷின் நல்ல மெஷின், டிஸ்க்தான் கெட்டது.

அடுத்து டிஸ்க்கின் உடல்நிலை. விண்டோஸில் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ, மின்ட்டில் டிஸ்க்ஸ் என்ற செயலியின் ஸ்மார்ட் (டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே எழுதி வைக்கும் பதிவு) பகுதி. மூன்று வரிகளைத் தேடுங்கள்: 05 (ரீஅலொக்கேட்டட் செக்டர்), சி5 (கரண்ட் பென்டிங் செக்டர்), சி6 (அன்கரெக்டபிள்). மூன்றும் பூச்சியமாக இருக்கவேண்டும். சி5இல் ஒரு எண் இருந்து, நாளைக்கு நாள் அது ஏறினால், அந்த டிஸ்க்கில் எந்த ஓஎஸ்ஸையும் ஏற்றாதீர்கள். சி7 மட்டும் ஏறினால் பெரும்பாலும் கேபிள் அல்லது இணைப்பானில்தான் கோளாறு. கழற்றித் துடைத்துப் பூட்டிப் பாருங்கள்.

சாகப்போகும் டிஸ்க்கில் முதல் வேலை படங்களையும் ஏ.எல். ஒப்படைகளையும் வெளியே எடுப்பது. செக் டிஸ்க், டிஃப்ரேக் எதையும் அதற்கு முன் ஓடவிடக்கூடாது. மணிக்கணக்கில் தலை அடித்து அடித்து வாசித்தால் மிச்சமிருப்பதும் போய்விடும். லைவ் பென்டிரைவிலிருந்து துவக்கி, முக்கியமானதை முதலில், பெரிய வீடியோக்களைக் கடைசியில் என்று நகல் எடுங்கள். "டிக் டிக்" என்று அடிக்கத் தொடங்கியிருந்தால் நிறுத்திவிட்டு, தரவு மீட்பவரிடம் கொடுப்பதா என்று யோசியுங்கள்.

மாற்றுவது 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி (சுழலாத, வேகமான டிஸ்க்), 240 அல்லது 256 ஜிபி போதும். புதியவை 7 மி.மீ. தடிப்பு, பழைய டிஸ்க் 9.5 மி.மீ. ஆக இருந்திருக்கும். ஆடினால் பெட்டியோடு வரும் பிளாஸ்டிக் சட்டத்தை ஒட்டுங்கள். மெஷினில் இருப்பது பழைய சாட்டா 2 என்றாலும் பரவாயில்லை. வினாடிக்கு 300 எம்பி என்ற உச்சவரம்புக்குள்ளும், சின்னச் சின்னக் கோப்புகளை வாசிப்பதில் சுழலும் டிஸ்க் எஸ்எஸ்டியின் கிட்டவும் வராது. பழைய டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால் ஒரு யூஎஸ்பி கேஸில் போட்டு பக்கப் எடுக்க வைத்துக்கொள்ளலாம்.

ஓஎஸ் தெரிவுக்குச் செலவழிக்கும் யோசனையில் பாதியை இந்த ஒரு உதிரிப்பாகத்துக்குக் கொடுங்கள். மூன்றாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி, எஸ்எஸ்டி என்று ஒரு மெஷின் இருந்தால் அன்றாட அலுவலக வேலைக்கு இன்னும் சில ஆண்டுகள் தாராளம்.

"பிரவுசரில் நாலு டப் திறந்தால் உறைந்துவிடுகிறது"

இது ரேம். இலேசான ஓஎஸ் போட்டால் தீர்ந்துவிடும் என்று நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும்: இலேசாவது ஓஎஸ் மட்டும்தான், பிரவுசர் எங்கே போனாலும் அதே பாரம். சும்மா இருக்கும்போது விண்டோஸ் 10 ஏறத்தாழ 2 ஜிபி எடுக்கும், மின்ட்டின் இலேசான எக்ஸ்எஃப்சிஈ பதிப்பு 1 ஜிபிக்குக் கீழே, அன்டிஎக்ஸ் என்ற இன்னும் இலேசான லினக்ஸ் 300 எம்பி அளவில். அதற்கு மேல் யூடியூபும் முகநூலும் ஸூமும் சேர்ந்தால் எல்லா ஓஎஸ்ஸிலும் இன்னும் 1.5, 2 ஜிபி போகும். 2 ஜிபி மெஷினை லினக்ஸ் காப்பாற்றும், ஆனால் ஒரு டப், இரண்டு டப் என்ற கணக்கில்தான்.

ரேம் கூட்ட இடமிருந்தால் கூட்டுவதே மலிவு. வாங்கும்போது டிடிஆர்3, டிடிஆர்3எல் வித்தியாசத்தில் பலர் வழுக்குகிறார்கள். எல் வகை 1.35 வோல்ட், மற்றது 1.5 வோல்ட். நான்காம் தலைமுறை இன்டெல் லப்டொப்புகள் எல் வகையையே கேட்கும். 1.5 வோல்ட் ரேமைப் போட்டால் திரையே வராது. மூன்றாம் தலைமுறை மெஷின்கள் எல் வகையையும் பெரும்பாலும் ஏற்கும். ஆகவே சந்தேகம் இருந்தால் எல் வாங்குங்கள். கொழும்பிலிருந்து பார்சலில் எடுப்பதாக இருந்தால், ஏற்கெனவே இருக்கும் ரேமைக் கழற்றி ஸ்டிக்கரில் பிசி3 என்றிருக்கிறதா பிசி3எல் என்றிருக்கிறதா பார்த்து, படம் எடுத்து அனுப்பிவிட்டுக் காசு கட்டுங்கள். டிடிஆர்2 மெஷினுக்குக் காசு செலவழிக்காதீர்கள்.

இனித் தெரிவு. 8 ஜிபியும் 64 பிட்டும் இருந்தால் பிடித்ததைப் போடலாம். எங்கள் தெரிவு லினக்ஸ் மின்ட் 22, சினமன் பதிப்பு. 4 ஜிபி என்றால் அதே மின்ட், எக்ஸ்எஃப்சிஈ பதிப்பு. இந்த 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு. 2 ஜிபி என்றால் அன்டிஎக்ஸ். பார்க்க அழகில்லை, ஓடும்.

32 பிட் மட்டுமே உள்ள மெஷின்களின் காலம் முடிந்துகொண்டிருக்கிறது. குரோம் 2016இலேயே 32 பிட் லினக்ஸைக் கைவிட்டது, ஃபயர்ஃபொக்ஸ் 145ஆம் பதிப்போடு விட்டது, 2025 ஓகஸ்டில் வந்த டெபியன் என்ற லினக்ஸின் 13ஆம் பதிப்பில் 32 பிட் இன்ஸ்டோலரே இல்லை. டெபியன் 12 அடிப்படையிலான அன்டிஎக்ஸ் 23 போட்டு, டைப் செய்யவும் பாட்டுக் கேட்கவும் வைத்திருக்கலாம். இணையத்தில் கடவுச்சொல் கொடுக்கும் வேலைக்கு வேண்டாம்.

கூகுளின் குரோம் ஓஎஸ் ஃபிளெக்ஸைப் பற்றியும் கேட்கிறார்கள். 4 ஜிபி ரேம், 16 ஜிபி இடம் போதும், பிள்ளைகள் கெடுக்க முடியாத ஓஎஸ். ஆனால் டிஸ்க் முழுவதையும் அழித்துத்தான் ஏறும், பிளே ஸ்டோர் கிடையாது, நெட் இல்லாத வீட்டில் அதற்கு வேலை குறைவு. கீழே சொல்லும் பாமினி எழுத்துருச் சிக்கலுக்கும் அதில் வழியில்லை.

"பென்டிரைவ் போட்டும் பழையபடி விண்டோஸ்தான் வருகிறது"

மின்ட் ஐஎஸ்ஓ (இன்ஸ்டோல் செய்ய இறக்கும் கோப்பு) ஏறத்தாழ 3 ஜிபி. இறக்கியபின் அதன் செக்சம் (கோப்பு முழுதாக வந்ததா என்று காட்டும் எண்) சரிபாருங்கள். இடையில் அறுந்து இறங்கிய ஐஎஸ்ஓ, இன்ஸ்டோல் பாதியில் விசித்திரமான பிழைகளைக் காட்டும், நீங்கள் லப்டொப்பைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். ஐஎஸ்ஓவை அப்படியே பென்டிரைவில் கொப்பி பண்ணினால் துவங்காது. ரூஃபஸ் அல்லது எட்சர் மூலம் எழுதவேண்டும்.

துவக்க மெனுவுக்கான விசை டெல், லெனோவோ, டொஷிபாவில் எஃப்12. எச்பியில் எஸ்கேப் அழுத்திப் பின் எஃப்9. ஏசுஸில் எஸ்கேப். ஏசரில் எஃப்12தான், ஆனால் எஃப்2 அழுத்திப் பயாஸில் அந்த மெனுவை முதலில் இயக்கவேண்டியிருக்கும். விண்டோஸை ஷட்டவுண் செய்யாமல் ரீஸ்டார்ட் செய்து விசையை அழுத்துங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருந்தால் ஷட்டவுண் என்பது அரைத் தூக்கம்தான்.

மெனுவில் பென்டிரைவே தெரியாவிட்டால் வேறு யூஎஸ்பி துளையில் குத்துங்கள். நீல நிற 3.0 துளையைச் சில பழைய பயாஸ்கள் துவக்கத்தில் காணமாட்டா. தெரிந்தும் "ஓஎஸ் இல்லை" என்றால், பழைய பயாஸ் மெஷினுக்கு ஜிபிடியாக (புதிய மெஷின்களின் டிஸ்க் அமைப்பு முறை) எழுதியிருப்பீர்கள். ரூஃபஸில் எம்பிஆர் என்ற பழைய முறையைத் தெரிந்து மறுபடி எழுதுங்கள்.

"மின்ட் சின்னம் வந்து கறுப்புத் திரையில் நிற்கிறது"

கிராஃபிக்ஸ். துவக்க மெனுவில் இரண்டாவதாக இருக்கும் கொம்பாட்டிபிலிட்டி மோட்டில் போங்கள். பழைய என்விடியா உள்ள மெஷின்களில் இது வழமை. இன்ஸ்டோல் செய்தபின் டிரைவர் மேனேஜரில் பரிந்துரைக்கும் டிரைவரைப் போட்டால் அநேகமாகத் தீரும். பயாஸில் என்விடியாவை அணைத்து இன்டெல் கிராஃபிக்ஸில் மட்டும் ஓடவிட வழியிருந்தால் அதுவே உத்தமம், சூடும் குறையும்.

"லினக்ஸ் போட்ட பிறகு வைஃபை இல்லை"

முதலில் வைஃபை சுவிட்ச். பக்கவாட்டில் சின்னத் தள்ளுபொத்தான் இருக்கலாம், அல்லது எஃப்என் விசையோடு சேர்ந்த பொத்தான். அது சரியென்றால் அட்டை புரோட்கொம்மாக இருக்கும், பிசிஎம்4313, பிசிஎம்43142 போன்றவை. டிரைவர் இறக்க நெட் வேண்டும், நெட்டுக்கு டிரைவர் வேண்டும். வெளியே வர வழி ஃபோன்: டேட்டா கேபிளால் இணைத்து யூஎஸ்பி டெதரிங் போட்டால் மின்ட் உடனே பிடித்துக்கொள்ளும். இன்ஸ்டோல் செய்த பென்டிரைவைக் குத்தி வைத்தாலும் டிரைவர் மேனேஜர் அதிலிருந்தே டிரைவரை எடுக்கும். தெரிந்து, நிறுவி, ரீஸ்டார்ட்.

டிரைவர் போட்டும் வராவிட்டால் செக்கியூர் பூட்டைச் சந்தேகியுங்கள். நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்டிருக்கும், ரீஸ்டார்ட்டில் ஒரு நீலத் திரை வந்து சில வினாடியில் மறைந்திருக்கும். அதில் "என்ரோல் எம்ஓகே" என்பதைத் தெரிந்து அந்தக் கடவுச்சொல்லைக் கொடுத்திருக்கவேண்டும். தவறவிட்டால் டிரைவர் ஏறாது. பழைய மெஷினில் பயாஸுக்குள் போய் செக்கியூர் பூட்டை அணைத்துவிடுவது சுருக்கு வழி.

வைஃபை அட்டையையே மாற்ற நினைத்தால் கவனம். பழைய எச்பி, லெனோவோ பல மொடல்கள் தங்கள் பட்டியலில் இல்லாத அட்டையைப் பூட்டினால் துவங்கவே மறுக்கும். சின்ன யூஎஸ்பி வைஃபை ஒன்று அந்தத் தலையிடியைத் தவிர்க்கும்.

"தமிழ்க் கடிதம் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பை"

எங்கள் பக்கத்தில் ஓஎஸ் மாற்றத்துக்குப் பலர் தயங்குவதற்குக் காரணமே இதுதான். கோயில் பத்திரிகை, சங்கக் கடிதம், அச்சகத்துக்குப் போகும் நோட்டீஸ் எல்லாம் இன்னும் பாமினியில் கிடக்கின்றன. பாமினிக் கோப்பின் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள், எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் முகம் போடுகிறது. எழுத்துரு இல்லாத மெஷினில் முகமூடி கழன்றுவிடுகிறது, அவ்வளவுதான். பழைய மெஷினிலிருந்து பாமினி எழுத்துருக் கோப்பை எடுத்து, மின்ட்டில் இரட்டைச் சொடுக்குப் போட்டு இன்ஸ்டோல் அழுத்தினால் லிப்ரே ஒஃபிஸ் ரைட்டர் ஒழுங்காகக் காட்டும்.

காட்டும், ஆனால் தட்டச்சு செய்யும்போது இன்னொரு வேடிக்கை. வாக்கியத்தின் முதல் எழுத்தைத் தானாகப் பெரிய எழுத்தாக்கும் வசதி ரைட்டரில் இயங்கிக்கொண்டிருக்கும். பாமினியில் சிறிய எழுத்து க என்றால் பெரிய எழுத்து கு, ப என்றால் பு, அ என்றால் ஆ. "கடிதம்" என்று தொடங்கினால் "குடிதம்" வரும், "படம்" "புடம்" ஆகும், "அம்மா" "ஆம்மா" ஆவார். டூல்ஸ் மெனுவில் ஓட்டோகரெக்ட் தெரிவுகளுக்குள் போய், வாக்கிய முதலெழுத்தைப் பெரிதாக்குவதையும் சொல்லின் முதல் இரண்டு பெரிய எழுத்துகளைத் திருத்துவதையும் நீக்குங்கள். மேற்கோள் குறிகளை வளைப்பதையும் நீக்குங்கள். தானியங்கி எழுத்துப்பிழைச் சோதனையை அணைத்தால் பக்கம் முழுக்கச் சிவப்புக் கோடு வராது.

புதிதாக எழுதுவதை யூனிகோடில் எழுதுங்கள். ஐபஸில் (லினக்ஸில் பிறமொழி தட்டச்சு வசதி) எம்17என் பொதியை நிறுவினால் தமிழின் கீழ் தமிழ்99, ஃபொனெட்டிக், இரங்கநாதன் விசைப்பலகை எல்லாம் வரும். பாமினியில் பழகிய விரலுக்கு இரங்கநாதன் அதிகம் அந்நியமாக இராது. நிறுவிய கையோடு வேலை செய்யாவிட்டால் ஒருமுறை லொக்அவுட் செய்து வாருங்கள்.

விண்டோஸின் லதா எழுத்துருவில் செய்த வேர்ட் கோப்பை மின்ட்டில் திறந்தால் எழுத்து வரும், வரி உடையும் இடங்கள் மாறும். அட்டவணை நிறைந்த விண்ணப்பப் படிவங்களில் இது தெரியும். நிரப்பி முடித்ததும் பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள்.

பிரிண்டரையும் லைவ் பென்டிரைவிலேயே சோதித்துவிடுங்கள். எச்பி பி1102 போன்றவற்றுக்கு எச்பிலிப் (எச்பியின் லினக்ஸ் பிரிண்டர் மென்பொருள்) கேட்கும் மேலதிகச் செருகியை நிறுவவேண்டும், நெட் இருந்தால் சில நிமிஷம். கெனன் எல்பிபி 2900 வைத்திருப்பவர்களுக்கு லினக்ஸ் சுகமாக இராது. அச்சடிப்பது உங்கள் பிழைப்பு என்றால் விண்டோஸோடு இருங்கள்.

"டி டிரைவ் திறக்கிறது, ஒன்றும் சேமிக்க விடுதில்லை"

இரண்டு ஓஎஸ்ஸும் வைத்திருப்பவர்களின் கோளாறு. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பால் விண்டோஸ் அந்தப் பகுதியைப் பூட்டி வைத்துத் தூங்குகிறது. விண்டோஸில் கன்ட்ரோல் பனல், பவர் ஒப்ஷன்ஸ், பவர் பொத்தான்களுக்கான பக்கம் போய் அதை நீக்கி, முழுதாக ஷட்டவுண் செய்யுங்கள்.

"எந்தத் தளம் திறந்தாலும் பாதுகாப்பற்றது என்கிறது"

மூலையில் உள்ள திகதியைப் பாருங்கள். பல ஆண்டுகள் பின்னால் போயிருந்தால் தாய்ப்பலகையின் சின்னப் பற்றரி இறந்துவிட்டது. பெரும்பாலும் சிஆர்2032, 3 வோல்ட். சில லப்டொப்பில் வயரும் செருகியும் சேர்ந்து வரும், அதே மாதிரியாக வாங்கவேண்டும். இதற்காக ஓஎஸ் மாற்றியவர்களும் உண்டு.

"அரை மணித்தியாலத்தில் சூடாகித் தானாக நிற்கிறது"

கச்சான் அடிக்கிற மாதங்களில் இந்த முறைப்பாடு கூடும். அறையே கொதிக்கும்போது, தூசி அடைத்த விசிறி 90 பாகைக்கு மேல் போக நேரமெடுக்காது. 100ஐ நெருங்கினால் புரொசெசர் தன்னைக் காக்க நிறுத்திக்கொள்ளும். வெப்ப அளவைக் காட்டும் செயலியை வைத்துப் பாருங்கள்: ஒன்றும் செய்யாமல் 70க்கு மேல் என்றால் திறந்து துப்புரவு செய்யவேண்டும். விசிறியையும் செப்புத் தகட்டுக்கும் விசிறிக்கும் நடுவில் படியும் பஞ்சு மெத்தையையும் எடுத்து, காய்ந்த தேர்மல் பேஸ்ட்டைச் சுரண்டித் துடைத்து, கொஞ்சமாகப் புதிது வையுங்கள்.

உப்புவெளி, நிலாவெளி, திருக்கடலூர் என்று கடலோரம் இருப்பவர்களுக்கு இன்னொன்று. உப்புக் காற்றில் ரேமின் பித்தளை நிறக் கால்கள் மங்கும். சிலநாள் திரை வரும், சிலநாள் பீப் சத்தம் மட்டும், சிலநாள் இன்ஸ்டோல் நடுவில் நின்றுவிடும். மெஷினை அணைத்து, பற்றரியைக் கழற்றி, ரேமை எடுத்து, 99 வீத ஐசோபுரொபைல் அல்ககோலில் நனைத்த பருத்தித் துணியால் கால்களைத் துடைத்து, காயவிட்டுப் பூட்டுங்கள். அதன்பிறகும் சந்தேகம் இருந்தால் மெம்டெஸ்ட்86+ஐ ஒரு இரவு ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ரேம் கழிவுதான்.

"கரண்ட் போய் வந்த பிறகு எழுத்துத் திரையில் நிற்கிறது"

லப்டொப் பற்றரி செத்தவர்கள் சார்ஜரிலேயே ஓட்டுகிறார்கள். கரண்ட் போனால் மெஷின் உடனே விழும், எழுதிக்கொண்டிருந்த கோப்பமைப்பு அரைகுறையாக நிற்கும். மின்ட் அப்போது பிசிபொக்ஸ் என்று தொடங்கும் கறுப்புத் திரையைக் காட்டும். எல்லாம் போய்விட்டது என்று ஃபோர்மட் செய்யவேண்டாம். லைவ் பென்டிரைவில் துவக்கி, டிஸ்க்ஸ் செயலியில் மின்ட் இருக்கும் பகுதியைத் தெரிந்து, பல்சக்கர மெனுவில் "ரிப்பேர் ஃபைல்சிஸ்டம்" அழுத்துங்கள். முடிந்ததும் பென்டிரைவை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்தால் பெரும்பாலும் வழமைபோல் திறக்கும். அடுத்த கரண்ட் கட்டுக்கு முன் பற்றரியை மாற்றுங்கள், அல்லது சின்ன யூபிஎஸ் ஒன்றில் போடுங்கள். கரண்ட் போகாமலே இதே திரை இரண்டாம் தரமும் வந்தால் மேலே சொன்ன ஸ்மார்ட் வரிகளுக்குத் திரும்பிப் போங்கள், சி5 ஏறியிருக்கும்.